கோட்டுக்குள் நிற்கும் வண்ணம்

ஆகஸ்டு மாதத்தின் இரண்டாம் வாரத்தில் இந்திய நகரமொன்றின் மழலையர் பள்ளிக்குள் நுழைந்தால் பெரும்பாலும் ஒரே காட்சியைக் காணலாம். நுழைவாயிலை ஒட்டிய சுவரில் நாற்பது மூவண்ண மயில்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழந்தையின் பெயர் இருக்கும். கழுத்தின் வளைவு, கண்ணுக்கு ஒட்டிய பொட்டின் இடம், தோகைகளின் எண்ணிக்கை யாவும் நாற்பதிலும் ஒன்றே. பெயர்கள் நாற்பது, செய்த கை ஒன்று. அது ஆசிரியருடைய கை. முந்தைய நாள் மாலை வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டி முடித்தவர் அவர். குழந்தைக்கு விடப்பட்டது, விரலை வண்ணத்தில் தோய்த்துக் குறித்த இடத்தில் ஒருமுறை அழுத்துவது மட்டும். அதிலும் பல வேளைகளில் விரலைப் பிடித்து அழுத்துபவர் ஆசிரியரே.

கலையும் கைவினையும் மழலைப் பருவ வளர்ச்சிக்குத் துணை புரிகின்றன என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 அதை ஏற்கிறது. மூன்று முதல் எட்டு வயது வரையிலான அடித்தள நிலைக்கென 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், அழகியல் மற்றும் பண்பாட்டு வளர்ச்சியைத் தனியொரு வளர்ச்சிக் களமாகவே வகுத்திருக்கிறது. தனியார் பள்ளிகளின் விளம்பரத் தாள்களும் இதையே பளபளப்பான எழுத்துகளில் சொல்கின்றன. இத்தனை பேர் ஒரே குரலில் ஒப்புக்கொள்ளும் கருத்து ஆராயப்படாமலேயே போய்விடுகிறது. கலைச் செயல்பாட்டில் குழந்தையை வளர்ப்பது எது என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. வண்ணமா, தாளா, முடிவில் சுவரில் தொங்கும் பொருளா? இவற்றில் எதுவுமில்லை என்றே சொல்ல வேண்டும். எதை, எங்கே, எவ்வளவு, அடுத்து என்ன என்று குழந்தை தானே எடுக்கும் சின்னஞ்சிறு முடிவுகளும், அம்முடிவுகளைத் தன் கையால் நிறைவேற்றப் பார்த்துத் தடுமாறுவதும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நாற்பது மயில்களில் துடைத்தெடுக்கப்பட்டிருப்பது சரியாக அதுதான்.

கையிலிருந்து தொடங்குவது நல்லது. மனித மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஊடுகதிர்ப் படத்தில் அவ்விடம் வெற்றிடமாகத் தெரியும். முதல் ஆண்டில் இரண்டு எலும்பாகத் தொடங்குகின்றன. மூன்று வயதையொட்டி இன்னொன்று, பிறகு ஒன்று என வளர்ந்து, ஏழு உருப்பெற ஏறத்தாழ ஆறு வயதாகிவிடும். எட்டாவது அதற்கும் பல ஆண்டுகள் கழித்தே வரும். தசைக் கட்டுப்பாடும் இதே போலத் தோளிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், கடைசியில் விரல்நுனிக்கும் இறங்கி வருகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை கரித்துண்டை முழுக் கையால் பற்றித் தோளிலிருந்தே வீசிக் கிறுக்குவது இதனால்தான். அக்குழந்தைக்குத் தேவை அகன்ற தரை, பெரிய தாள், தடித்த சுண்ணக்கட்டி. நான்கு வரி நோட்டுப் புத்தகம் அல்ல.

களிமண்ணை உருட்டுகையில் உள்ளங்கைத் தசைகள் உழைக்கின்றன. தாளைக் கிழிப்பது பெரியவர்கள் எண்ணுவது போல எளிய செயலன்று. இரு கைகளும் எதிரெதிர்த் திசையில், ஆனால் ஒரே கணக்கில் இயங்க வேண்டும். கத்தரிக்கோல் இன்னும் கடினம்: ஒரு கை திறந்து மூடிக்கொண்டே முன்னேற, மறு கை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; கண் இரண்டுக்கும் முன்னால் ஓட வேண்டும். மாவு பிசைவதும் பூத்தொடுப்பதும் நடக்கும் வீடுகளில் குழந்தைகள் இவற்றை யாரும் கற்பிக்காமலே பழகிவிடுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் திறன்பேசியின் கண்ணாடிப் பரப்பை மட்டுமே தடவி வளரும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு குறைவு. கண்ணாடி எவ்வளவு அழுத்தினாலும் எதிர்ப்புக் காட்டுவதில்லை. களிமண் காட்டும்.

கிறுக்கலுக்கு வருவோம். அமெரிக்க மழலைக் கல்வியாளர் ரோடா கெல்லாக் சான் பிரான்சிஸ்கோவில் பல்லாண்டுகள் சேகரித்த குழந்தை ஓவியங்கள் ஏறத்தாழ பத்து லட்சம். 1969-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இருபது அடிப்படைக் கிறுக்கல்களை வகைப்படுத்தினார். அந்த வகைப்பாட்டின் துல்லியம் பற்றிப் பின்வந்தோர் ஐயம் எழுப்பியிருக்கலாம். ஆனால் கிறுக்கல் குப்பை அல்ல, அதற்குள் ஒழுங்கும் வரிசையும் உண்டு என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. மூன்று வயதையொட்டி ஒரு நாள் அலைந்துகொண்டிருந்த கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொள்கிறது. வட்டம் பிறக்கிறது. உள்ளே, வெளியே என்னும் பாகுபாடு தாளில் முதன்முதலாகத் தோன்றும் கணம் அது. சில மாதங்களில் அதே வட்டத்துக்குக் கண்கள் முளைக்கும். கால்கள் தலையிலிருந்தே நேராக இறங்கும். உலகின் பல பகுதிகளிலும் குழந்தைகள் வரையும் இந்தத் 'தலைக்கால் மனிதனைப்' பார்த்துச் சிரிக்கும் பெரியவர், அங்கே நிகழ்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை. ஒரு கோடு இன்னொன்றைக் குறிக்க முடியும் என்று குழந்தை கண்டுகொண்டிருக்கிறது. எழுத்து என்பதும் வேறொன்றுமில்லை. எழுதும் மொழியின் முன்வரலாற்றைக் குழந்தையின் சைகையிலும் விளையாட்டிலும் வரைதலிலும் தேட வேண்டும் என்று வைகாட்ஸ்கி வலியுறுத்தியது இதனால்தான்.

வரைந்துகொண்டே குழந்தை பேசுகிறது. "இது பாட்டி, பாட்டி ஊருக்குப் போறா, இது மழை" என்று தாளின் மேலே ஒரு கதை ஓடும். முதலில் வரைந்துவிட்டுப் பிறகு பெயர் சூட்டுவது, பின்னர் வரையும்போதே சூட்டுவது, இறுதியில் இன்னதை வரையப் போகிறேன் என்று அறிவித்துவிட்டுத் தொடங்குவது என்று இந்தப் பேச்சின் இடம் மெல்ல முன்னகர்கிறது. திட்டமிடல் என்று உளவியலார் பெரிய சொல்லால் குறிக்கும் ஆற்றல் இந்த நகர்வில் கண்ணெதிரே உருவாகிறது. முன்பே அச்சிட்ட யானைப் படத்தைக் கையில் கொடுத்து "காதுக்குச் சாம்பல் நிறம்" என்று சொல்லிவிட்டால் இதற்கெல்லாம் அங்கே இடமேது?

நிற்கும் கோடு, படுக்கும் கோடு, சாயும் கோடு: ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்று இந்தியா முழுவதும் எல்கேஜி வகுப்புகளில் வழங்கும் பயிற்சியை நினைத்துப் பார்க்கலாம். வட்டத்தை மூன்று வயதிலும், கூட்டல் குறியை நான்கிலும், சதுரத்தை நான்கரை அல்லது ஐந்திலும், முக்கோணத்தை ஐந்திலும் பெரும்பாலான குழந்தைகள் பார்த்து வரையத் தொடங்குகின்றன என்பது குழந்தை மருத்துவப் பாடநூல்களில் காணும் பொதுவான அளவுகோல். அதாவது சாய்கோடு மிகவும் பிந்தி வருகிறது. அதை மூன்றரை வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதற்கு உடலியலில் எந்த நியாயமும் இல்லை. புள்ளிகளின் மேல் எழுதிப் பழகினால் சரியாகிவிடும் என்பது வழக்கமான மறுமொழி. காரின் ஜேம்ஸும் லாரா எங்கெல்ஹார்ட்டும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைத் தாமே எழுதினர், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதினர், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினர். பின்னர் அவ்வெழுத்துகளைப் பார்த்தபோது, தாமே கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளுக்கே மூளையில் வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் தெளிவாக இயங்கின. பங்கேற்ற குழந்தைகள் பதினைவர் மட்டுமே. அதன் மேல் மாளிகை கட்டுவது கூடாது. இருப்பினும் அது சுட்டும் திசை, வரைதல் குறித்து முன்னர் சொன்னதோடு ஒத்துப் போகிறது. ஒவ்வொரு முறையும் சற்றே வேறாக வரும் அந்தக் கோணலே பயனுள்ள பகுதி போலும்.

கலைக் கல்விக்காக வாதிடுவோர் அடிக்கடி கையாளும் ஒரு வாதத்தைக் கைவிடுவது நல்லது. ஓவியம் வரையும் குழந்தை கணக்கில் சிறக்கும், கைவினை செய்யும் குழந்தை மதிப்பெண் கூடுதலாகப் பெறும் என்னும் வாதம் அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோவில் எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, காண்கலைப் பயிற்சி பிற பாடங்களின் தேர்ச்சியை உயர்த்துகிறது என்பதற்கு நம்பத்தகுந்த காரணத் தொடர்பு கிட்டவில்லை என்று கூறியது. நாடகச் செயல்பாட்டுக்கும் மொழித்திறனுக்கும் தொடர்பு கிட்டியது, ஓவியத்துக்குக் கிட்டவில்லை. கலை ஆதரவாளர்களான அவ்விருவரும் இதை மறைக்காமல் சொன்னது பாராட்டுக்குரியது. கணக்கின் பணிப்பெண்ணாக நின்றால்தான் கலைக்கு வகுப்பறையில் இடம் என்று ஒப்புக்கொண்டால், கணக்குக்கு மேலும் விரைவான பயிற்சி ஒன்று கிடைத்த மறுநாள் கலை வெளியேற்றப்படும். நிபுண் பாரத் இயக்கம் 2021-இல் தொடங்கி, 2026-27க்குள் எல்லாக் குழந்தைகளும் மூன்றாம் வகுப்பை முடிக்கும்போது அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு நியாயமானது. ஆனால் காலக்கெடு நெருங்கும் வகுப்பறையில் முதலில் சுருங்குவது களிமண்ணுக்கான நேரம்தான்.

பரிசுகளைப் பற்றியும் ஒரு சொல். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த சோதனை உளவியல் மாணவர் அனைவரும் அறிந்தது. வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு குழுவிடம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் நாடாவும் பதித்த சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. மாறுவேடப் போட்டி, வண்ணம் தீட்டும் போட்டி, பங்கேற்புச் சான்றிதழ், கேடயத்தோடு வாட்ஸ்அப் நிழற்படம் என்று நான்கு வயதையே கடந்துவரும் இந்திய நடுத்தர வர்க்கக் குழந்தைக்கு இந்தச் சோதனை ஆண்டு முழுவதும் நடந்துகொண்டேயிருக்கிறது. விடுமுறை வீட்டுப்பாடமாக வரும் தெர்மாகோல் வீட்டைப் பெரும்பாலும் தாய் இரவு பதினொரு மணிக்குச் செய்கிறார். எழுதுபொருள் கடைகளில் முன்பே செய்து முடித்த 'புராஜெக்ட்' விற்பனைக்கும் கிடைக்கிறது. பள்ளிக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும்; குழந்தைக்கும் தெரியும் என்பதுதான் கவலைக்குரியது. தன் கை செய்தது போதாது என்று அது கற்றுக்கொள்கிறது.

இந்த இடத்தில் நேர்மையான மறுப்பு ஒன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். பார்த்துச் செய்வது அவ்வளவு தீங்கானதா? கோலமும் அல்பனாவும் ரங்கோலியும் பார்த்துச் செய்தே பழகப்படுகின்றன. குயவரின் மகளும் நெசவாளரின் மகனும் சுதந்திர வெளிப்பாட்டில் தொடங்கியவர்கள் அல்லர். 'படைப்பும் மனவளர்ச்சியும்' என்ற பொருளில் 1947-இல் விக்டர் லோவன்ஃபெல்டு எழுதிய நூல் வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாகச் சாடியது. பெரியவர் தலையீடே கூடாது என்னும் மரபு அதன் வழியே பரவியது. 1970-களில் பிரெண்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் அதை எதிர்த்து, குழந்தைகள் பிற படங்களைப் பார்த்தே வரையக் கற்கிறார்கள் என்று காட்டினார்கள். லோவன்ஃபெல்டின் கடுமை சற்று மிகைதான். அரைமணி நேரம் அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டிய குழந்தை கெட்டுவிடாது; மழைநாளில் அது நல்ல பொழுதுபோக்கும்கூட.

ஆயினும் கோலத்தையும் மூவண்ண மயிலையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன, வழி கொடுக்கப்படவில்லை. எந்தப் புள்ளியைச் சுற்றி எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் கையே தீர்மானிக்கிறது. தவறினால் கோடு முட்டி நிற்கும். யாரும் திருத்த வேண்டியதில்லை. காலால் அழித்துவிட்டு மீண்டும் இழைக்கலாம். விடிந்தால் புதுத் தரை. பாட்டியின் கோலத்துக்கு அருகில் பேத்தி போடும் கோணல் கோலத்தை எவரும் எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டி வைப்பதில்லை. பார்த்துச் செய்வது ஒன்று, பிறர் செய்ததற்குப் பெயர் கொடுப்பது வேறு.

இந்த வேறுபாட்டை இந்தியக் கல்வியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். கிஜுபாய் பதேகா 1920-இல் பாவ்நகரில் தொடங்கிய பால மந்திரில் குழந்தையின் கைக்கு மையமான இடம் இருந்தது. தமிழில் 'பகல் கனவு' என வாசிக்கக் கிடைக்கும் அவருடைய நூலை ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இன்றும் அறிவார்கள். அவரோடு பணிசெய்த தாராபாய் மோடக், அனுதாய் வாக்குடன் சேர்ந்து 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரையோரம் போர்டியிலும், பின்னர் வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாடிலும் நடத்திய பால்வாடிகளே முற்றத்தில் கூடும் அங்கன்வாடி என்ற எண்ணத்துக்கு வித்தாயின. மாண்டிசோரியின் விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகச் சுற்றுப்புறத்தில் கிடைத்தவற்றையே அவர்கள் கற்றல் பொருளாக்கினார்கள். சாந்திநிகேதனின் கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத் 1944 முதல் 1962 வரை சேவாகிராமத்தில் குழந்தைகளுக்குக் கலை கற்பித்து, அந்த அனுபவத்தைக் கல்வியின் அடிப்படை கலையே என வாதிடும் நூலாக எழுதினார். அவர் மட்பாண்டக் கலைஞரும் ஆவார். ஏழை நாட்டில் இதெல்லாம் இயலாது என்று சொல்வோருக்கு, இவை யாவும் இன்றைவிட ஏழையாக இருந்த இந்தியாவில் நடந்தவை என்பது நினைவிருக்க வேண்டும்.

கைவினை என்ற சொல் இந்தியாவில் களங்கமற்ற சொல் அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மண் பிசைவதும் தோல் தைப்பதும் கூடை முடைவதும் சாதியோடு பிணைக்கப்பட்ட நாடு இது. காந்தியின் ஆதாரக் கல்வி 1937-இல் வார்தாவில் முன்வைக்கப்பட்டபோதே ஐயங்கள் எழுந்தன. 1953-இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதிநாள் பள்ளி, மீதிநாள் குடும்பத் தொழில் என்று வகுத்ததால் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. கூலிவேலை செய்யும் தாய் ஒருவர், "மண்ணில் விளையாடவா பள்ளிக்கு அனுப்பினேன்? எழுதச் சொல்லிக் கொடுங்கள்" என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்குவது பெரும் பிழை. மண்ணிலிருந்து விடுபடவே அவர் குழந்தையை அனுப்புகிறார். பெருநகரின் உயர்கட்டணப் பள்ளியில் மட்பாண்டச் சக்கரம் 'படைப்பாற்றல்' என்று பெயர்பெற, அதே சக்கரம் சேரிக்கு அருகில் தலைவிதியாகத் தோன்றுவது கல்வியாளர்கள் கண்டுகொள்ள மறுக்கும் முரண். காஞ்சா அய்லய்யா 2007-இல் உழைப்பின் மாண்பைப் பற்றிக் குழந்தைகளுக்கென்றே நூல் எழுதியது இந்தப் புண்ணை நேரே தொடும் முயற்சி. எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே களிமண்ணில் கை வைக்கும் வகுப்பறையாக இருந்தால்தான் மழலைக் கல்வியில் கைவினை என்பதற்குப் பொருள் உண்டு. சிலருக்கு மண்ணும் சிலருக்கு மடிக்கணினியும் என்றால் பழைய திட்டம் புதிய பெயரில் திரும்பியதாகவே கொள்ள வேண்டும்.

அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய விடை ஆசிரியரிடம் இருக்க வேண்டும். களிமண் உருட்டும் விரலே பிறகு எழுதுகோலைப் பிடிக்கும் என்று சொன்னால் அவருக்குப் புரியாமல் போகாது. சொல்வதற்கு ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். நாட்டின் ஏறத்தாழ பதினான்கு லட்சம் அங்கன்வாடிகளில் பெரும்பாலானவற்றில் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் இருக்கிறார்கள். எடை பார்த்தல், சத்துணவு வழங்கல், கருவுற்ற பெண்களின் பதிவு, திறன்பேசிச் செயலியில் அன்றாடத் தரவேற்றம் ஆகியவற்றுக்கு இடையே மிஞ்சும் நேரத்தில்தான் முன்பருவக் கல்வி. அவரிடம் போய் ஒவ்வொரு குழந்தையின் கிறுக்கலையும் கவனியுங்கள் என்று சொல்வது எளிது. மேற்பார்வையாளர் வரும் நாளில் கண்ணில் படுவது சுவர். அழகான சுவருக்கே பாராட்டு. அச்சுப் படத்தையும் அளவெடுத்து வெட்டிய மயிலையும் அவர் நாடுவதில் வியப்பில்லை.

மாற்றம் வேண்டுமெனில் மதிப்பிடும் பொருள் மாற வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் உறை. மாதத்துக்கு ஒரு தாள். பின்புறம் தேதியும், வரையும்போது அது சொன்ன ஒரு வாக்கியமும். ஜூன் மாதத்துச் சுழலையும் பிப்ரவரி மாதத்துத் தலைக்கால் மனிதனையும் அருகருகே வைத்துப் பெற்றோர் கூட்டத்தில் காட்டினால், எழுதத் தெரியாத தாயும் வளர்ச்சியைக் கண்ணால் பார்த்துவிடுவார். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்கள் எல்லா அலுவலகங்களிலும் குவிந்து கிடக்கின்றன. குளத்து மண்ணைச் சலித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பல நாள் தாங்கும். காய்ந்தால் இடித்து நனைத்துக்கொள்ளலாம். செலவு இங்கே தடையே அல்ல. சுவரில் நாற்பது வெவ்வேறு கோணல்கள் தொங்கும்போது, "என்ன இது, ஒன்றுமே விளங்கவில்லையே" என்று கேட்கப் போகும் அதிகாரியையும் பெற்றோரையும் ஆசிரியர் தனியாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே தடை.